படிவம் இரண்டு கிராணி

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் போகும் வழியில் ஏதாவது ஒரு தோட்டத்துக்குள் நுழையுங்கள். செம்பனை முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில், மதகின் மேல் காலைத் தொங்கப்போட்டு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். காற்று வாங்குகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மதகில்தான் லைன் நாலு கோடு காட்டும். வீட்டுக்குள் ஒரே கோடு, சமையற்கட்டுப் பக்கம் போனால் அதுவும் கிடையாது. தோட்டத்தில் எங்கே நின்றால் எத்தனை கோடு என்பது அவனுக்கு மனப்பாடம்.

புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் போனதால் வயது பதினைந்து, படிப்பது படிவம் இரண்டு. "எந்நேரமும் போனு, போனு! கண்ணு அவிஞ்சிடும்டா!" என்று அம்மா திட்டி முடிப்பதற்குள் அப்பா கூப்பிடுவார். "தம்பி, இங்க வாடா. ஏதோ டேக் நம்பர் வந்திருக்குனு சொல்லுது, என்னான்னு பாரு." திட்டும் அழைப்பும் ஒரே மூச்சில் வருவது அவனுக்குப் பழகிப்போயிற்று.

ரப்பர் காலத்துத் தோட்டங்களில் கிராணியார் என்று ஒருவர் இருந்தார். பெரும்பாலும் மலையாளி, இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தார். பேர் போடுவது, சம்பளக் கணக்கு, மேலிடத்துக்குக் கடிதம் எல்லாம் அவர் கையில். அவர் முன்னால் சட்டைப் பொத்தானைச் சரிபண்ணிக்கொண்டு நின்றவர்களின் கொள்ளுப்பேரன்தான் இப்போது அந்த நாற்காலியில். நாற்காலிதான் இல்லை, மதகு. உதவித்தொகைக்கு மனுப்போடுவது இவன், மின்சார பில் கட்டுவது இவன். 2025 செப்டம்பர் 30 முதல் பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட் என்று பூடி 95 மானியத் திட்டம் வந்தபோது, தாத்தாவுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னதும் இவனே. ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவான். ஆனால் வீட்டில் ஆறு பேருடைய பன்னிரண்டு இலக்க ஐ.சி. நம்பரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான்.

பதவி சும்மா வந்துவிடவில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, வீட்டுக்கு ஒரே போன், பிள்ளைகள் மூன்று. அப்பா வேலைக்குப் போனால் வகுப்பும் அவர் பாக்கெட்டில் ஏறிக்கொண்டு வேலைக்குப் போய்விடும். சாயங்காலம் அவர் திரும்பிய பிறகுதான் காலை வணக்கம் டீச்சர். இல்லிருப்புக் கற்றலில் கணக்கு எவ்வளவு ஏறியது என்று தெரியாது. மங்கலாக எடுத்த நோட்டுப் படத்தை "லைன் ஸ்லோ டீச்சர்" என்று சொல்லி அனுப்பும் கலை மட்டும் நன்றாகவே ஏறியது.

சேவைக்குக் கட்டணம் உண்டு. ரொக்கமாக வாங்குவதில்லை. பாட்டிக்குப் பக்திப் பாட்டு தேடிக் கொடுத்தால் ஐந்து ரிங்கிட் டாப்-அப். பக்கத்து வீட்டு மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் மாற்றிக் கொடுத்தால், அன்று ராத்திரி அவருடைய ஹாட்ஸ்பாட். மாமாவின் டேட்டா மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துபோகும் மர்மம் இன்னும் துலங்கவில்லை.

சொந்த வேலை என்று அவனுக்கு இருப்பது மொபைல் லெஜெண்ட்ஸ். அணிக்கு ஐந்து பேர் வேண்டும். இரண்டு பேர் கிள்ளானில் இருக்கும் மாமன் பிள்ளைகள். கெடாவில் விடுமுறை வெள்ளியும் சனியும், கிள்ளானில் சனியும் ஞாயிறும். ஆக, இரு மாநிலத்துக்கும் பொதுவான நாள் சனி ஒன்றுதான். அன்றைக்குப் பார்த்துத்தான் யாராவது திருமணம் வைப்பார்கள். மண்டபத்தில் மணமேடைக்கு முதுகு காட்டி, பிளக் பாயிண்ட் பக்கம் ஐந்தாறு பேர் குனிந்திருந்தால் அதில் இவன் ஒருவன். தாலி கட்டும்போது அட்சதை போடக் கை வரும், கண் வராது.

பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று அரசாங்கம் 2025 நவம்பரில் சொன்னபோது அம்மா முகத்தில் ஓர் ஒளி. அவன் அசையவில்லை. நாலாம் ஆண்டு படிக்கும்போதே ஃபேஸ்புக்கில் பிறந்த வருஷம் 1987 என்று போட்டுவிட்டிருந்தான். கணக்குப்படி அவன் தன் வகுப்பாசிரியரைவிட மூத்தவன். பிறந்தநாள் வந்தால் பூச்சோங் அத்தை முதற்கொண்டு எல்லாரும் வாழ்த்துகிறார்கள், யாரும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை. ஃபேஸ்புக் மட்டும் அவன் வயதை மதித்து நடத்துகிறது. போன வாரம் வழுக்கைக்கு எண்ணெய் விளம்பரம் காட்டியதாம், நேற்று முட்டிவலித் தைலம்.