எண்ணிலி இலக்கணம்

அயல்நாட்டில் இறங்கி, அந்நாட்டுத் தொலைபேசி எண் இல்லாமல் செயலி வழியே கார் தேடுபவன் எண்ணிலி எனப்படுவான். எண்ணிலி என்பதற்கு அளவில்லாதது என்றும் பொருள் உண்டே எனின், உண்டு. அவன் படும் பாட்டுக்கு அப்பொருளும் பொருந்தும் என்க.

அஃதேல், கோலாலம்பூரில் இறங்கிய சென்னைக்காரர் பழகிய ஊபரையே திறக்கலாகாதோ? திறக்கலாம், கார் வராது. என்னை? 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராபுக்கு விற்றுவிட்டது. கிராபோ 2012இல் மைடெக்சி என்ற பெயரில் மலேசியாவிலேயே பிறந்த பிள்ளை. ஆகவே புதுச் செயலி, புதுப் பதிவு, புது ஓடிபி.

எண்ணிலிகள் இரு வகையர்: மெய் எண்ணிலி, பொய் எண்ணிலி. பொய் எண்ணிலியர் சட்டைப் பையில் இந்திய எண்ணை வைத்துக்கொண்டே எண் இல்லையென்று அழுபவர். செயலி கேட்பது ஓர் எண். உள்ளூர் எண் அன்று. நாட்டுக் குறியீட்டில் 91ஐத் தேர்ந்தால் தீர்ந்தது. உலகத் தொலைபேசி எண் நாட்டுக் குறியீட்டோடு சேர்ந்து 15 இலக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி. 12 இலக்கமே உள்ள நம் எண் அதற்குள் காலை நீட்டிப் படுக்கலாம்.

எண்ணே இல்லாத, டேட்டா மட்டும் தரும் இ-சிம்காரர் என் செய்வார் எனின், ஊரிலேயே பதிவை முடித்திருந்தால் அவருக்கும் குறையில்லை. ஓடிபி என்பது கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுவது போன்றது. எழுதியபின் பந்தியில் யாரும் பெயர் கேட்பதில்லை. ஓட்டுநரோடு பேசுவதும் எழுதுவதும் செயலிக்குள்ளேயே நடக்கும். அதற்கு இணையம் போதும்.

மெய் எண்ணிலியோ, தன் எண்ணைத் தானே கழற்றிவைத்தவன்; எடுத்துக்காட்டு இக்கட்டுரையாளனே. விமான நிலையத்திலேயே மலேசியச் சிம் வாங்கி, மனைவியின் ஊக்கால் இந்தியச் சிம்மை நெம்பி எடுத்து, பர்சில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினேன். பிறகு செயலியைத் திறந்து, பழக்கதோஷத்தில் சென்னை எண்ணை அடித்தேன். ஓடிபி பிள்ளையாருக்குப் போனது. மலேசிய எண்ணை அடித்திருக்கலாமே எனின், அது மனப்பாடம் ஆகவில்லை. ஒருவாறு அதை எழுதிவைத்த தாளைக் கண்டெடுத்து உள்ளே நுழைந்தால், அட்டையைச் சேர்க்க வங்கி ஓர் ஓடிபி அனுப்பியது. அதுவும் பிள்ளையாருக்கே. ரொக்கம் என்று ஒரு வழி அச்செயலியில் இருந்ததால் குடும்பம் வீதிக்கு வரவில்லை; வீதியில்தான் நின்றோம் என்பது வேறு.

நிற்க. கார் பதிவானதும் ஓட்டுநர் மலாயில் எழுதினார். செயலி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது: எந்தக் கதவு? கதவுக்கு எண் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. அண்ணாந்து பார்த்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதவெண்ணை இலக்கணச் சுத்தமாக எழுதினேன். அது மலாயாக மாறி அவரை அடைந்தது. இரு மொழிகளின் உழைப்பில் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

“தமிழா அண்ணே? முன்னாடியே சொல்றதுதானே!”

வாசகர்காள், இந்தியச் சிம்மைக் கழற்றாதீர்கள்.