சிங்கப்பூர் மாமு

திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் உண்டு. சுற்றிப் பார்க்கப் போனவர்களும் உண்டு. முதல் வகை பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து வாயைத் திறக்காது. இரண்டாவது வகை நாலு பகல், மூணு ராத்திரி டூர் பேக்கேஜில் போய்வந்து வாயை மூடாது. அந்த இரண்டாமவர் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவானாலும், திரும்பி வந்த மறுநாளிலிருந்து அவர் ‘சிங்கப்பூர் மாமு’.

மாமுவுக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். தோல் ஷாப்பிலோ ஹார்டுவேர் கடையிலோ கணக்கெழுதி ஓய்ந்தவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் டிக்கெட் போட்டுத் தந்திருப்பான். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். அதற்குப் புறப்படும் ஏற்பாடு நாலு வாரம் நடக்கும். எல்லாம் முடிந்ததும் பெட்டிக்கு ஒரு மாங்காய்ப் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு அல்லவா, ஊர்ப் பெருமை! அதன் எடைக்கு இரண்டு கைலிகளை எடுத்து வெளியே வைக்க வேண்டி வந்ததை மாமி இன்னும் மறக்கவில்லை. அங்கே ஹோட்டலில் சாவிக்குப் பதில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். மாமு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த அட்டைய நம்பியா தூங்குறது?” என்று, மூன்று ராத்திரியும் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துத்தான் படுத்தார். உலகத்திலேயே திருட்டு குறைந்த ஊர்களில் ஒன்று அது.

அங்கே என்னதான் பார்த்தார் என்று கேட்டால், பெரும்பாலும் முஸ்தபாவைப் பார்த்தார். சையத் ஆல்வி சாலையில் இருக்கும் அந்தக் கடைக்குள் முதல் நாள் மாலை நுழைந்தவரை, ராத்திரி கைடுதான் தேடிப் பிடித்தாராம். எதிரே அங்குலியா பள்ளிவாசல், சுற்றிலும் செராங்கூன் சாலை, தேக்கா, தமிழில் பெயர்ப்பலகை, மல்லிகைப்பூ, சாம்பார் வாசனை. ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை என்று மாமுவுக்குப் பெரிய நிம்மதி. ஊரைப் போலவே இருக்கும் இடத்தைத் தேடத்தான் இவ்வளவு செலவா என்று கேட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தேடுவது அதைத்தான்.

மெர்லயன் சிலையையும் பார்த்தார். கைடு கொடுத்த நேரம் பத்து நிமிஷம். “தலை சிங்கம், உடம்பு மீன். 1972-ல வச்சது. எட்டரை மீட்டருக்கு மேல உசரம், எழுபது டன்னு. பாலம் கட்டி மறைச்சிருச்சுன்னு 2002-ல அப்படியே தூக்கி நூத்தி இருபது மீட்டர் தள்ளி வச்சிட்டான்!” என்று மாமு இப்போதும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். மாமி அங்கே நின்று கேட்ட ஒரே கேள்வி, “மேல இருக்கறது ஹராம், கீழ இருக்கறது ஹலால். நடுவுல வெட்டுனா என்னங்க கணக்கு?” கைடிடம் பதில் இல்லை.

சாப்பாட்டில்தான் மாமுவின் நாட்டுப்பற்று பொங்கியது. சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908-லிருந்து நடக்கும் ஜம்ஜம் கடையில் முர்தபாவைப் பெருமையாக வைத்தார்கள். ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு, “இது நம்ம கறி லாபா. பேர மாத்திட்டான்” என்றார். டாலரை ரூபாயாக்கிப் பார்த்தபிறகு மறு வாய் இறங்கவில்லை. பிரியாணியைக் கேட்கவே வேண்டாம். சீரகச் சம்பா இல்லாத பிரியாணிக்கு அவர் வைத்த பெயர் ‘கறிச் சோறு’.

இப்படி அங்கே இருந்தவரைக்கும் திண்டுக்கல்லையே நினைத்துக்கொண்டிருந்த மனிதர், பேகம்பூர் வந்து இறங்கியதும் சிங்கப்பூரிலேயே வாழத் தொடங்கினார். கைக்கடிகாரத்தை மாற்றவில்லை. அது இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அசருக்கு பாங்கு சொன்னால் மணியைப் பார்த்து, “அங்க இப்ப ஆறரை. ஆபீஸ் விட்டு சனம் ரயில்ல நிக்கும்” என்பார். டீ குடித்த காகிதக் கப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு குப்பைத்தொட்டி தேடி நடந்தார். இருக்கிற ஒரு தொட்டியும் கவிழ்ந்து கிடந்ததால் கப் வீடுவரை போனது. மாமி சத்தம் போட்டாள். அடுத்த வாரம் கப் பழையபடி சாக்கடைக்குப் போயிற்று. அங்கிருந்து வாங்கி வந்த கோடாலித் தைலம் மட்டும் ஊர் பூராவும் போயிற்று. தலைவலி இல்லாதவர்களும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எந்தப் பேச்சும் சிங்கப்பூரில் போய்த்தான் நிற்கும். ஒருநாள் குடிதண்ணீர் பேச்சு வந்தது.

“அங்க சாக்கடைத் தண்ணியையே சுத்தம் பண்றான் மாப்ள. நியூவாட்டர்னு பேரு. 2003-லயிருந்து ஓடுது. அந்த மிஷினு ஒண்ண நம்ம தோல் ஷாப் தண்ணிக்கு வச்சோம்னு வையி...”

“மிஷினுக்கு வாந்தி வந்துரும் மாமு” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். தோல் ஷாப் கழிவு இறங்கிய சுற்றுவட்டாரக் கிணறுகளின் நிலைமை தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள், கொஞ்சம் தாமதமாக.

ஓரத்தில் ஒருவர் பேசாமல் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். முதல் வகை. கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்தே இளமையைக் கழித்தவர். மாமுவுக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்.

“ஏம்ப்பா, செந்தோசா போயிருக்கியா?”

“இல்லங்க மாமு.”

“ஏர்போர்ட்லயே பெரிய அருவி விழுகுமே, கண்ணாடிக் கூரைக்குள்ள. நாப்பது மீட்டரு!”

“அது நான் வந்தப்புறம் கட்டுனதுங்க.”

“சரி, மெர்லயனாவது பாத்தியா, இல்லையா?”

“பாத்திருக்கேன் மாமு. லாரில பின்னாடி உக்காந்து வேலைக்குப் போவோம்ல, அப்பத் தெரியும். முதுகுப்பக்கம்.”

மாமு ஒருகணம் யோசித்தார். பிறகு, முதுகுப்பக்கம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, முன்பக்கம்தான் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் என்று விளக்கினார். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

போன டிசம்பரில் வந்தது மாமுவுக்குச் சோதனை. முஸ்தபாவில் பழக்கமாகி, வாட்ஸ்அப்பில் வளர்ந்த ஒரு சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் நிஜமாகவே பேகம்பூருக்கு வந்து இறங்கிவிட்டது. கல்லூரியில் படிக்கும் அவர்கள் பெண், ஊரைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

“அங்கிள், ஹைதர் அலியோட தங்கச்சி அமீருன்னிஸா பேகம் கப்ர் இங்கதானே இருக்கு? அவங்க பேர்லதானே இந்த ஊரு?”

மாமு அந்த கப்ர் இருக்கும் பள்ளிவாசலில் ஐம்பது வருஷமாகத் தொழுகிறவர். “ஆமாமா, இங்கதான்” என்று பொத்தாம்பொதுவாகக் கையை நீட்டினார். அது எந்தக் காலம், ஹைதர் ஏன் திண்டுக்கல்லுக்கு வந்தார் என்று அடுத்த கேள்வி. அவர் 1755-இல் ஃபவுஜ்தாராக இங்கே வந்தவர் என்று பெண்ணே சொல்லிக்கொடுத்தாள். மலைக்கோட்டைக்குப் போகலாமா என்றாள். 1605-இல் நாயக்கர் தொடங்கி வைத்த கோட்டை, வீட்டு மொட்டைமாடியில் நின்றாலே தெரியும். மெரினா பே சாண்ட்ஸின் உச்சிக்கே போய் நின்று படம் எடுத்துக்கொண்டவர் இதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அங்கே லிஃப்ட் இருந்தது.

வேன் மலையடிவாரத்தில் நின்றது. மாமு முதல் ஆளாக இறங்கி, அண்ணாந்து பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு திரும்பினார்.

“பத்து நிமிஷம் டைம். இங்கயிருந்தே போட்டோ எடுத்துக்கோங்க, முழுசா விழுகும். அடுத்து பூட்டுக் கடை. அப்புறம் பிரியாணி.”