மைலேஜ் நிர்ணய அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய அதிகாரி அவர்கள் சமுகத்திற்கு, சென்னைவாசியும் சிறிய கார் ஒன்றை உடையவனுமாகிய அடியேன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

காரை உருளைகளின்மீது ஏற்றி, ஓரடியும் நகரவிடாமல் சக்கரங்களை மாத்திரம் சுழலவிட்டு, நகரப் பகுதிக்கு மணிக்கு 50 கிலோமீட்டர் என்றும் நெடுஞ்சாலைப் பகுதிக்கு 90 என்றும் எல்லை வகுத்து, ஏ.சி.யை அணைத்து, பரீட்சைக்கென்றே தயாரித்த பெட்ரோலை ஊற்றித் தாங்கள் கண்டறிந்து அருளும் மைலேஜைப் பற்றி எனக்கு லவலேசமும் சந்தேகம் இல்லை. எதிர்க்காற்றின் பாரத்தைக்கூட அந்த உருளைகளே சுமத்திவிடும் என்று அறிந்து வியந்தேன். கத்திப்பாரா நெரிசலையும், வர்ணம் பூசாத வேகத்தடையையும், சித்திரை வெயிலில் ஏ.சி.யை அணைக்கச் சம்மதியாத குடும்பத்தையும் சுமத்தவல்ல உருளையை விஞ்ஞானம் இன்னும் படைக்கவில்லை என்பதே குறை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக ஏறுகிறவனிடம், இறங்கும்போது மிச்சமாகுமே என்று தாங்கள் ஆறுதல் கூறலாம். ஏற்றத்தில் எரிந்ததில் ஒரு பகுதிதான் இறக்கத்தில் மீளும். மற்றதை எஞ்சினும் பிரேக்கும் உஷ்ணமாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன.

இனி எண்ணெய் விஷயம். லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே உடைய எத்தனாலை, நூற்றுக்கு இருபது வீதம் கலந்து பங்க்குகளில் ஊற்றுகிறார்கள். கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, பத்து சதவிகிதக் கலப்புக்கு இசைவித்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டது; சக்தி குறைவதற்கு ஈடாக விலையும் குறைய வேண்டும் என்றும் அதுவே பரிந்துரைத்தது. அறிக்கையின் முதற்பாதி என் காரில் தவறாமல் அமலாகிவிட்டது. பிற்பாதியோ, பங்க்கின் விலைப்பலகைக்கு இன்னும் வந்து சேரவில்லை. எத்தனாலால் அந்நியச் செலாவணி மிச்சம், கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்கு வருமானம் என்பனவற்றை நான் மறுக்கவில்லை. அந்தப் புண்ணியத்தில் என் பங்கு எவ்வளவு என்று ரசீதில் அச்சிட்டால் பெருமிதமேனும் கொள்வேன்.

ஆதலால், விலை குறைப்பது சாத்தியப்படாதாயின், பெட்ரோல் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கரும்புக் கட்டாகவோ மக்காச்சோள மூட்டையாகவோ பங்க்கில் செலுத்த எனக்கு அனுமதி வழங்குமாறு பிரார்த்திக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
ஒரு வாகன உடைமையாளன்