உத்தரவு வகையறா

கோயமுத்தூர்க் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் மனுக்காரர்கள் கூடுகிற வேளையில், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும், விழட்டுமா வேண்டாமா என்று மூக்கு நுனியில் யோசித்துக்கொண்டிருக்கும் கண்ணாடியுமாக, யாருக்காகவும் காத்திராதவர்போல் மரநிழலில் நின்றுகொண்டு, ஆனால் எவர் கையில் காகிதம் தென்பட்டாலும் தூரத்திலிருந்தே அதன் ஜாதகத்தைக் கணித்துவிடும் ஒரு பெரியவரை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். ரெவின்யூ இலாகாவில் குமாஸ்தாவாக நுழைந்து சிரஸ்தாராக வெளிவந்தவர். அவரோடு பென்ஷன் வாங்குகிறவர்கள் ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடந்து சர்க்கரையைக் குறைத்துக்கொண்டிருக்க, இவர் மாத்திரம் ஆர்டர் வேறு, டிக்ரீ வேறு, மெமோ வேறு என்று ஜனங்களுக்கு உணர்த்தும் கைங்கரியத்தை மேற்கொண்டிருக்கிறார். பீஸ் கிடையாது, ஒரு காபி போதும்.

அவருடைய பாண்டித்தியம் லேசானதல்ல. ரெவின்யூ போர்டு 1980-இல் எடுபட்டுப் போயிற்று; அதன் ஸ்டாண்டிங் ஆர்டர்களோ இன்னும் பேசப்படுகின்றன. போட்டவர் போன பிறகும் நிற்பதால்தான் அதற்கு ஸ்டாண்டிங் ஆர்டர் என்று பெயர் என்பது அவருடைய வியாக்கியானம். கவர்னர் பிறப்பிக்கும் ஆர்டினன்ஸ், சட்டசபை கூடி ஆறு வாரத்துக்குள் சட்டமாகாவிட்டால் பிராணனை விட்டுவிடும். ஆர்டர் மேலிருந்து கீழே இறங்குவது. மேண்டேட்டோ ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கீழிருந்து மேலே ஏற்றுவது. ஃபியட் என்றதும் காரை நினைக்கிறவனோடு அவர் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்வார். 1956-இல் தமிழ் ஆட்சிமொழியான பின் அரசாணை, குறிப்பாணை, அழைப்பாணை, பிடியாணை, நீதிப்பேராணை என்று எல்லாவற்றுக்கும் ஒரே வால் முளைத்துவிட்டதில் அவருக்கு மனத்தாங்கல்; ஆனைமலையில்கூட இத்தனை ஆனை கிடையாது என்பார்.

சென்ற மாதம், கிணத்துக்கடவுப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"ஏனுங்கய்யா, பக்கத்துத் தோட்டத்துக்காரரு எங்க வண்டித் தடத்த மறிச்சு வேலி போடப் பாத்தாருங்க. கோர்ட்டுல இதக் குடுத்திருக்குதுங்க. இனி வண்டி ஓட்டலாமுங்களா?"

பெரியவர் காகிதத்தை வெயிலுக்கு நேரே பிடித்தார். முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தார்.

"இது டிக்ரீ இல்லீங்க. ஆர்டர்."

"செரீங்க. வண்டி?"

"டிக்ரீன்னா வழக்குல உரிமை இன்னாருக்குன்னு முடிவு பண்றது. ஆர்டர்னா என்னங்கறீங்க? 1908-ஆம் வருஷத்துச் சிவில் புரொசீஜர் கோடு சொல்லுது: கோர்ட்டோட தீர்மானத்துல எதெது டிக்ரீ இல்லியோ, அதெல்லாம் ஆர்டர்."

மாடில்லாததெல்லாம் எருமை என்கிற மாதிரியான இந்த லக்ஷணத்தைக் கேட்டும் குடியானவர் அசரவில்லை. "வண்டிய ஓட்டறதுங்களா, வேண்டாமுங்களா?"

"ஓட்டலாமுங்க. ஆனா இது இன்ட்ரிம் ஆர்டர். மறு உத்தரவு வர்ற வரைக்குந்தான்."

குடியானவர் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! நம்ம சிவன்மலைப் பொட்டியாட்டங்களா?"

காங்கயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்றுண்டு. பக்தர் ஒருவர் கனவில் முருகன் தோன்றி இன்ன பொருளை வை என்பார். கோயிலில் பூப்போட்டுக் கேட்டுச் சம்மதம் கிடைத்தால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். இன்னொருவர் கனவில் இன்னொன்று வரும்வரை அதுவே அங்கிருக்கும். முப்பது வருஷ சர்வீஸில் தமக்குத் தோன்றாத இந்த உபமானத்தைக் கேட்டு ஸ்தம்பித்த பெரியவர், உடனே சுதாரித்துக்கொண்டு, கனவில் வந்தது ஃபியட், பூக்கேட்பது கன்ஃபர்மேஷன், பெட்டியில் வைப்பது பப்ளிகேஷன் என்று விரலை மடக்கத் தொடங்கினார். அப்பீலுக்கு இடமுண்டா என்பதில்தான் கொஞ்சம் தயங்கினார்.

அதற்குள் குடியானவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் செருகிக் கும்பிட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. அப்ப நான் உத்தரவு வாங்கிக்கட்டுங்களா?"

பெரியவரின் மடக்கிய விரல் அப்படியே நின்றது. இது லீவா, பர்மிஷனா, சாங்ஷனா? கொடுக்க வேண்டியவர் தாமே என்பது அவருக்கு நினைவு வந்தபோது, பொள்ளாச்சி பஸ் புறப்பட்டுப் போய்ப் பத்து நிமிஷமாகியிருந்தது.