வால்வு சூடாகட்டும், ஐயா!

கே: தாத்தா காலத்து வால்வு ரேடியோ, சுவிட்சைத் திருகி அரை நிமிஷம் கழித்துத்தான் வாயைத் திறக்கிறது. ஏன் இந்தப் பிகு? (சின்னசேலம் வாசகர்)

ப: பிகு இல்லை, சூடு போதவில்லை. வால்வுக்குள்ளே தீக்குச்சியைவிட ஒல்லியாக ஒரு நிக்கல் குழாய் நிற்கும். அதுதான் கேத்தோடு. அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு வெள்ளையாகப் பூசியிருப்பார்கள். குழாய்க்குள்ளே ஹீட்டர் கம்பி. அது குழாயோடு ஷார்ட் ஆகாமலிருக்க அலுமினாப் பூச்சு. கம்பி காய்ந்து, குழாய் காய்ந்து, வெள்ளைப் பூச்சு சுமார் 750 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் எலக்ட்ரான்கள் போதிய அளவு கிளம்பும், பாட்டும் வரும்.

750 டிகிரியா என்று மலைக்க வேண்டாம். வெறும் டங்ஸ்டன் கம்பி என்றால் 2,200 டிகிரி கேட்கும். ஆர்தர் வெனெல்ட் 1904இல் ஆக்சைடு பூசியதால் தப்பித்தோம். சூட்டுக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள கணக்கைப் போட்டவர் ஓவன் ரிச்சர்ட்சன். 1928ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதற்காகத்தான்.

கே: கம்பியே எலக்ட்ரானைக் கொடுக்கக் கூடாதா? நடுவில் குழாய் எதற்கு, மாட்டுச் சந்தைத் தரகர் மாதிரி? (வெள்ளிமலை வாசகர்)

ப: கொடுக்குமே! கரண்ட் எட்டாத மலையூர்களுக்கு ஏற்ற பேட்டரி செட்டில் தரகரே கிடையாது. டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96 என்ற நான்கு வால்வுகளின் இழைகளும் சேர்ந்து 1.4 வோல்ட்டில் கால் வாட்கூடத் தின்னாது. திருகியதும் பேசும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஈஎல்84 ஒன்றின் ஹீட்டருக்கே 4.8 வாட் வேண்டும்.

ஆனால் அந்த மெல்லிய இழைக்கு ஏசி கொடுத்தால், ஸ்பீக்கரில் பாகவதருக்கு முன்னால் ‘உம்ம்ம்’ என்ற ஓசை உட்கார்ந்துவிடும். பருமனான குழாயின் சூடு ஏசியோடு சேர்ந்து அப்படி ஏறி இறங்காது. தரகர் வாங்கும் கமிஷன் அந்த அரை நிமிஷம்தான்.

கே: ஒரு வால்வுகூட எரியவில்லை. எல்லாமே போச்சா? (தியாகதுருகம் வாசகர்)

ப: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டாக இருக்கும். யுசிஎச்81, யுபிஎஃப்89, யுஎல்84, யுஒய்85 போன்றவற்றின் ஹீட்டர்கள் வரிசையாகக் கைகோத்திருக்கும். ஒன்று அறுந்தால் எல்லாம் இருட்டு. வால்வைக் கழற்றி 4, 5ஆம் கால்களில் மல்டிமீட்டர் வையுங்கள். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். இந்த ஜாதி செட்டின் சேஸிஸே ஷாக் அடிக்கும்!

கே: வால்வின் உச்சியில் வெள்ளி பூசினாற்போல இருக்கிறதே? (சங்கராபுரம் வாசகர்)

ப: மிச்சமிருக்கும் வாயுவை விழுங்கும் பேரியம். அது பால் வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. மெக்கானிக்கைத் தேடாதீர்கள், வேறு வால்வைத் தேடுங்கள்.