கசிந்தவரை லாபம்

பெரியப்பாவின் ஜீப்புக்கு அடியில் எப்போதும் ஒரு கிழிந்த சாக்கு கிடக்கும். கியர்பாக்ஸிலிருந்து சொட்டும் ஆயிலுக்காக. போடியில் விடியுமுன் ஆள் ஏற்றிக்கொண்டு பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய மலையிறங்கும் வண்டி அது. “மொதலாளி, ஆயில் சீல மாத்திரலாம்” என்று டிரைவர் அண்ணன் மாதம் ஒருமுறை சொல்வார். “சொட்டுதுன்னா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம்யா. சொட்டாதப்ப சொல்லு” என்பார் பெரியப்பா.

சிஜே-3பி வகை வண்டி. வில்லீஸ் 1953இல் கொண்டுவந்தது. புது எஞ்சினின் தலை உயர்ந்துவிட்டதால் பானட்டையும் தூக்க வேண்டியதாயிற்று; மோவாயை நிமிர்த்திய அந்த முகம் அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் 1968இல் அதை நிறுத்திவிட்டார்கள். உரிமம் வாங்கிய மஹிந்திரா அதற்குப் பிறகும் நெடுங்காலம் இங்கே அந்த அச்சிலேயே ஜீப் செய்தது.

வைகாசியில், மலையில் மழை பிடிக்குமுன், ஜீப்புக்கு எண்ணெய்க் குளியல் நடக்கும். எஞ்சினிலிருந்து இறக்கிய கரி ஆயிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, கந்தலில் தோய்த்து, சேஸிலும் ஸ்பிரிங் பட்டைகளிலும் டிரைவர் அண்ணன் பூசுவார். கூடவே மல்லாந்து படுத்து டின்னைப் பிடிப்பது பன்னிரண்டு வயது எனக்கு வாய்த்த பதவி. அதன்மேல் மலைச் சகதி ஒட்டும். அடுத்த வருஷம் அதன்மேல் இன்னொரு பூச்சு. இப்படி அடைத் தடிமனுக்கு ஏறிப்போனது. வீட்டுக்குள் நுழைய எனக்கு இரண்டு முறை சீயக்காய்.

கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் பெரியப்பாவுக்குக் கஞ்சத்தனம் கிடையாது. தரைக்கு விலை கூடின ரப்பர் மேட். மட்கார்டில் நசுங்கல் விழுந்தால் டிங்கர் கடையில் கை நிறையப் பட்டி அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி பெயிண்ட். வண்டி ஓட்டம் நின்றபோது, அளவெடுத்துத் தைத்த தார்ப்பாய் வந்தது. அதைப் போர்த்திக் கயிறு கட்டிவிட்டு, “இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்ல” என்றார்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கயிற்றை அவிழ்த்தோம். காயலான் கடைக்காரர் எடை போட வந்து நின்ற நாள் அது. மேட்டைத் தூக்கினேன், மேட்டோடு தரையும் வந்தது. அதற்கடியில் நின்ற மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தகட்டைத் தின்றிருக்கிறது. மட்கார்டைத் தட்டினால் பட்டி மட்டும்தான் வடிவம் மாறாமல் நின்றது, உள்ளே இரும்பு பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. தார்ப்பாய் வெயிலில் வியர்த்து, இரவில் அந்த ஈரத்தைத் திரும்ப வண்டிக்கே ஊட்டியிருக்கிறது. ஆசையாகச் செய்த ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஓர் ஓட்டை வைத்திருந்தது.

வண்டிக்கு அடியில் புகுந்து பட்டித் தகட்டால் சுரண்டினேன். சகதியும் எண்ணெயும் பாறையாக இறுகிய அந்த அடை பெயர்ந்து விழ, உள்ளே சேஸ் கன்னங்கரேலென்று முழு இரும்பாக இருந்தது. ஆயில் சொட்டிய கியர்பாக்ஸைச் சுற்றி இன்னும் நன்றாக. காற்றும் தண்ணீரும் தொடாமல் துருவுக்குப் பிழைப்பில்லை. பெரியப்பாவின் கஞ்சத்தனம் அதைப் பட்டினி போட்டிருந்தது.

காயலான் கடைக்காரரை டீ கொடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து செலவு.

அந்தக் காலத்தில் மரை இறுகிய நட்டுக்கு மண்ணெண்ணெய், சுத்தியல், கெட்ட வார்த்தை என்று மூன்று மருந்து. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் அடைக்கும். அதனால்தான் அந்த இறுக்கம். இப்போது நட்டைப் பழுக்கக் காய்ச்சி மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்குகிறது. மூன்றாவது மருந்துக்கு இப்போதும் மாற்று வரவில்லை.

சின்னப் பாகங்களுக்குப் பிளாஸ்டிக் டிரம். தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் மைனஸைத் துருப்பிடித்த பாகத்திலும் பிளஸைப் பழைய இரும்புத் துண்டிலும் மாட்டி, ராத்திரி முழுக்க விட வேண்டும். இரும்புத் துண்டுக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைப் போட்டேன் என்று வையுங்கள், தண்ணீரில் நஞ்சான குரோமியம் இறங்கும். கிளம்பும் குமிழி ஹைட்ரஜன். மூடிய அறை ஆகாது, பக்கத்தில் பீடியும் ஆகாது. காலையில் தேய்த்துக் கழுவினால் வெறும் இரும்பு. காபி குடித்துவிட்டு வருவதற்குள் அதில் மறுபடி செம்மை படரும். முதல் கிளாம்புக்கு அப்படித்தான் இரண்டாம் குளியல் ஆயிற்று.

துருவை எடுக்க முடியாத மூலைகளுக்கு ஒரு சீசா வாங்கினோம். பூசினால் சிவப்பு கறுப்பாகிவிடும். லேபிளில் டானிக் ஆசிட். கடுக்காயில் இருக்கிற அதே துவர்ப்புச் சரக்கு. பாட்டி இரும்புச் சட்டியில் கடுக்காயும் நெல்லிக்காயும் ஊறவைத்து நரைக்குத் தடவிய கறுப்புக்கும் இந்தக் கறுப்புக்கும் ரசாயனம் ஒன்றுதான். இதில் மூடி மட்டும் திருகு மூடி.

சேஸை மணலடிக்க அனுப்பினோம். முன்பெல்லாம் ஆற்றுமணலையே அடிப்பார்கள். அந்தச் சிலிக்காத் தூள் அடித்தவர்களின் நுரையீரலில் படிந்து உயிரை வாங்கியது. இப்போது கார்னெட் மணல். பட்டறைக்காரர் சேஸைப் பார்த்துவிட்டு, “சார், இதுல துரு எங்க இருக்கு?” என்றார். சும்மா திருப்பி எடுத்துவரக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அடிக்கச் சொன்னேன். நாற்பது வருஷக் காவலைப் பணம் கொடுத்து உரித்துவிட்டு, அதன் இடத்தில் எபாக்ஸி பிரைமரும் இரண்டு கோட் பெயிண்டும் ஏற்றினேன். பெரியப்பா முழு வண்டிக்குக் கொடுத்ததைவிடப் பெயிண்டுக்கு நான் கொடுத்தது அதிகம்.

பானட்டில்தான் தகராறு. மெக்கானிக்கல் படித்த தம்பி மகன், “பெரியப்பா, இத அப்படியே விட்ருங்க. மேல கிளியர் கோட் மட்டும் போதும்” என்றான். வெளுத்த பச்சையும் நடுவே துருத் திட்டும். அதற்குப் பேட்டினாவாம். புது வண்டிக்கே இந்தத் துருவை வரைந்து கொடுக்கிற பெயிண்டர்கள் இருக்கிறார்களாம். டிரைவர் அண்ணன் கேட்டிருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனக்குப் பாக்கி இருப்பதாகச் சொல்லியிருப்பார். கடைசியில் பானட் அவன் கட்சி, மற்றதெல்லாம் என் கட்சி.

ஆயில் சீல் அத்தனையும் புதிது. வண்டி போர்ட்டிகோவில் வந்து நின்று ஒரு மாதம், தரையில் ஒரு சொட்டு இல்லை. தினமும் காலையில் குனிந்து பார்ப்பேன். சேஸின் குறுக்குச் சட்டத்தில், கல் தெறித்த இடத்தில், கடுகளவு சிவப்பு தெரிந்தது.

போன வாரம் டைல்ஸில் ஒரு கறுப்புப் பொட்டு. விரலால் தொட்டு முகர்ந்தேன், கியர் ஆயில்தான். “புது வண்டின்னீங்க, இது என்ன?” என்று மனைவி துடைக்கத் துணியோடு வந்தாள். வேண்டாமென்று தடுத்து, மாடியிலிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்தேன். மெக்கானிக்குக்கு இன்னும் போன் செய்யவில்லை.