பிரசண்ட் பிறந்த கதை

கேள்வி: இந்திய விமானப்படையிடம் தாக்குதல் ஹெலிகாப்டர் முன்பே இருந்ததே, ‘பிரசண்ட்’ எதற்கு?

பதில்: இருந்தது, மலை ஏறத்தான் முடியவில்லை. 1999 கார்கில் போரில் பகைவர் பதுங்கியிருந்தது 16,000 அடிக்கும் மேலான சிகரங்களில். அங்கே காற்று மெலிசு. சுழலும் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், என்ஜினும் திணறும். கனத்த ருஷ்ய மி-35 அந்த உயரத்துக்கு லாயக்கில்லை. சரக்கும் ஆளும் ஏற்றும் மி-17-இல் ராக்கெட் கட்டி அனுப்பினார்கள். மே 28 அன்று அதில் ஒன்றை ஏவுகணை வீழ்த்த, நான்கு வீரர்கள் உயிரிழந்தார்கள். அந்த விலை கொடுத்துக் கற்ற பாடம்தான் பிரசண்ட்.

எச்.ஏ.எல். நிறுவனம் ‘துருவ்’ ஹெலிகாப்டரின் இறக்கையையும் இரட்டை ‘சக்தி’ என்ஜினையும் எடுத்துக்கொண்டு, உடலை ஒல்லியாக்கியது. இரு விமானிகளும் பக்கத்தில் பக்கத்தில் அல்ல, முன்னும் பின்னுமாக அமர்வார்கள். எதிரிக்குத் தெரியும் அகலம் குறைவு. மூக்குக்கு அடியில் 20 மி.மீ. பீரங்கி, விமானி தலையைத் திருப்பினால் தலைக்கவசம் காட்டும் திசையில் அதுவும் திரும்பும்!

முதல் பறப்பு 2010 மார்ச் 29. 2015-இல் சியாச்சின் தளத்தில் இறங்கிக் காட்டியது. பிரசண்டின் பெருமை அதுதான். 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தது. ‘பிரசண்ட மாருதம்’ என்று சூறைக்காற்றைச் சொல்கிறோமே, அதே பிரசண்டம்தான் பெயர். 2025 மார்ச்சில் மேலும் 156-க்கு ஒப்பந்தம்: தரைப்படைக்கு 90, விமானப்படைக்கு 66.